மருத்துவச்சியும் வீட்டுப் பிரசவமும்

மருத்துவச்சி என்பவர் பேறுகாலத்தில் கருவுற்ற பெண்ணின் உடனிருந்து, குழந்தை நலமாகப் பிறக்கவும் தாய் உடல் தேறவும் உதவும் பெண் ஆவார். மருத்துவமனைகள் பரவுவதற்கு முன் தமிழகத்தின் பெரும்பாலான குழந்தைகள் வீட்டில், மருத்துவச்சியின் கைகளில்தான் பிறந்தன. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஒரு குழந்தைகூட வீட்டில் பிறப்பதில்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. இந்த மாற்றம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. அதே சமயம், வீட்டுப் பிரசவத்தில் இருந்த சில நல்ல வழக்கங்களும் இதனோடு மறைந்தன. இரண்டையும் அறிய, மருத்துவச்சி என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சொல் வழக்கு

மகப்பேறு, பிள்ளைப்பேறு, பேறுகாலம் என்ற சொற்களில் வரும் ‘பேறு’ என்பதற்கு அடையத்தக்க நற்பயன் என்பது பொருள். பேச்சு வழக்கில் ‘பிரசவம் பார்த்தல்’ என்கிறோம். ‘பிரசவம் செய்தல்’ என்பதில்லை. பிள்ளையைப் பெறுபவள் தாய். மற்றவர் உடனிருந்து கவனிப்பவர் என்ற புரிதல் இந்த வழக்கில் இருக்கிறது. இலங்கைத் தமிழில் மருத்துவிச்சி, மருத்துவ மாது என்ற சொற்கள் வழங்குகின்றன.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் கோயில் கொண்டுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். பேறுகால வேதனையில் இருந்த வணிகர் குலப் பெண் ஒருத்தியின் தாய், காவிரி வெள்ளத்தால் ஆற்றைக் கடக்க முடியாமல் அக்கரையில் நின்றுவிட, இறைவனே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். பேறுகாலத்தில் பெண்ணைத் தனியே விடக்கூடாது என்ற எண்ணம் எவ்வளவு பழமையானது என்பதை இக்கதை காட்டுகிறது.

மருத்துவச்சி யார்?

தமிழகத்தின் பல ஊர்களில் முடிதிருத்தும் தொழில் செய்த சமூகத்தினரே மருத்துவம் பார்ப்பவர்களாகவும் இருந்தனர். அக்குடும்பத்து ஆண் மருத்துவர் எனவும், பெண் மருத்துவச்சி எனவும் அழைக்கப்பட்டார். தாயிடமிருந்தோ மாமியாரிடமிருந்தோ உடன் சென்று பார்த்துப் பழகியே இத்தொழில் கற்கப்பட்டது. சில ஊர்களில் வேறு சமூகத்துப் பெண்களும், அனுபவம் மிக்க முதிய உறவினர்களும் பிரசவம் பார்த்தனர்.

மருத்துவச்சிக்குக் கூலியாக நெல்லும் புடவையும் கொஞ்சம் பணமும் கிடைக்கும். அவர் கை படாமல் பிள்ளை பிறக்காது என்றாலும், பேறுகாலம் தீட்டாகக் கருதப்பட்டதால் அவருடைய தொழிலும் தாழ்வாகவே பார்க்கப்பட்டது. நள்ளிரவில் கதவைத் தட்டி அழைத்துச் சென்ற வீட்டிலேயே, மற்ற நாட்களில் அவர் திண்ணைக்கு அப்பால் நிற்க வேண்டியிருந்தது. இந்த இழிவின் காரணமாக, வாய்ப்புக் கிடைத்தபோது அடுத்த தலைமுறைப் பெண்கள் பலர் இத்தொழிலை விட்டு விலகினர்.

பிரசவத்தின் மூன்று கட்டங்கள்

பிரசவம் மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. ஒவ்வொன்றிலும் மருத்துவச்சி செய்தவற்றுள் நல்லவையும் இருந்தன; தீங்கானவையும் இருந்தன.

முதற்கட்டம்: கருப்பையின் வாய் சிறிது சிறிதாக விரிந்து சுமார் 10 செ.மீ. அளவை எட்டும் கட்டம் இது. தலைப்பிள்ளைக்கு இது 12 மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கலாம். இடுப்பு வலி எடுத்த பெண்ணை மருத்துவச்சி நடக்கச் சொல்வார், இடுப்பில் விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார், வெந்நீர் ஊற்றுவார், சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று பிரித்தறிவார். நடப்பதும் நிமிர்ந்த நிலையில் இருப்பதும் இக்கட்டத்தின் நேரத்தைக் குறைக்க உதவும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது.

இரண்டாம் கட்டம்: கருப்பை வாய் முழுதும் விரிந்தது முதல் குழந்தை வெளிவரும் வரையுள்ள கட்டம். வீட்டில் பெண்கள் பெரும்பாலும் குந்தியோ மண்டியிட்டோ, உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டோ முக்குவர். பின்னால் ஒரு பெண் அணைத்துத் தாங்கிக்கொள்வார். இந்நிலையில் புவியீர்ப்பும் துணை செய்கிறது. ஆனால் பிரசவம் தாமதமானால் வயிற்றை மேலிருந்து அழுத்தித் தள்ளும் வழக்கமும் இருந்தது. இது கருப்பை கிழிய இடமளிக்கும் ஆபத்தான செயல்.

மூன்றாம் கட்டம்: நஞ்சுக்கொடி வெளிவரும் கட்டம். பொதுவாக அரை மணி நேரத்துக்குள் இது முடிந்துவிடும். பல ஊர்களில் நஞ்சுக்கொடி வந்த பிறகே தொப்புள்கொடியை வெட்டினர். கொடியை வெட்ட ஒரு நிமிடமாவது பொறுத்தால் குழந்தைக்குக் கூடுதல் இரத்தமும் இரும்புச் சத்தும் கிடைக்கும் என்பதால், உலக சுகாதார நிறுவனம் இன்று அவ்வாறே பரிந்துரைக்கிறது. ஆனால் வெட்டிய கருவி அரிவாளாகவோ சவரக் கத்தியாகவோ இருந்ததும், வெட்டிய இடத்தில் சாம்பலோ சாணமோ வைத்ததும் பல குழந்தைகளின் உயிரைப் பறித்தன.

பிள்ளை பிறந்தபின் சேனை தொட்டு வைப்பதும், சுக்கு, மிளகு, திப்பிலி சேர்த்துப் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கொடுப்பதும் வழக்கம். தாய்க்கு ஓய்வும் பத்தியச் சாப்பாடும் கிடைத்தன. ஆனால் முதலில் சுரக்கும் சீம்பால் கெட்டதென்று பீய்ச்சிக் கொட்டும் தவறும் பரவலாக இருந்தது. நோய் எதிர்ப்பாற்றல் நிறைந்த அப்பாலே குழந்தையின் முதல் உணவாக இருக்க வேண்டும். அதற்கு முன் சர்க்கரைத் தண்ணீர், தேன் முதலிய எதையும் தரக்கூடாது.

உயிருக்கு ஆபத்து எங்கே இருந்தது?

தமிழகத்தின் பழைய சாலையோரங்களில் இரண்டு செங்குத்துக் கற்களின் மேல் ஒரு கல் கிடத்தப்பட்ட சுமைதாங்கிகளைக் காணலாம். தலைச்சுமையோடு நடந்து செல்பவர், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்க உதவுபவை இவை. இவற்றுள் பல, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நடப்பட்டவை. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் ஆறுதலுக்காக, வழிப்போக்கரின் சுமையை இறக்க ஒரு கல்லை நட்டார்கள். வீட்டுப் பிரசவக் காலத்தைப் பொற்காலமாக எண்ணுபவர்கள் இக்கற்களையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பெரும்பாலான பிரசவங்கள் சிக்கலின்றி முடியக்கூடியவை. ஆனால் கருவுற்ற பெண்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு உயிருக்கு ஆபத்தான சிக்கல் ஏதேனும் ஏற்படலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அந்தப் பெண் யார் என்பதை முன்கூட்டியே முழுமையாகச் சொல்லிவிட முடியாது. முக்கியமான சிக்கல்கள் இவை:

1. பேறுகாலத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு: நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை இறுகச் சுருங்கி, திறந்திருக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். கருப்பை சுருங்காவிட்டால் நலமாக இருந்த தாயும் சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் ஊசியும், தேவைப்பட்டால் இரத்தமும் உடனே கிடைக்க வேண்டும்.

2. சூல்வலிப்பு: இரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வருதல். தொடர்ந்து இரத்த அழுத்தத்தைச் சோதித்து வந்தால்தான் இதை முன்பே கண்டறியலாம்.

3. தடைப்பட்ட பிரசவம்: குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இடுப்பெலும்பு வழி குறுகலாக இருந்தாலோ குழந்தை வெளிவராது. அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

4. கிருமித்தொற்று: தூய்மையற்ற கையாலும் கருவியாலும் தாய்க்குச் சன்னியும், குழந்தைக்கு இசிவு நோயும் வந்தன.

கடைசியாகச் சொன்னதை வீட்டிலேயே தடுக்க முடியும். முதல் மூன்றும் எவ்வளவு கைராசிக்கார மருத்துவச்சியாலும் வீட்டில் முழுமையாகக் கையாள முடியாதவை.

மருத்துவமனையின் வரவு

சென்னையில் 1844ஆம் ஆண்டு மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்றைய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை அதன் தொடர்ச்சியே. 1854இல் அங்கே மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் நிறைவேறி, பயிற்சி பெற்றவர்களைப் பதிவு செய்யும் முறை வந்தது.

ஆயினும் கட்டடமும் சட்டமும் மட்டும் போதவில்லை. அமெரிக்க மருத்துவப் பாதிரியார் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தங்கியிருந்த ஓரிரவில், மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியருக்கு உதவ அழைத்தனர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா சொன்னபோது, ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். இந்நிகழ்ச்சியே ஐடாவை மருத்துவம் படிக்கச் செய்தது. படிப்பை முடித்துத் திரும்பிய அவர் 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் தொடங்கிய மருத்துவ நிலையம் பிற்காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை 1918இல் அங்கே தொடங்கினார்.

மருத்துவமனை என்பதாலேயே ஓரிடம் பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. 1840களில் ஆஸ்திரியாவின் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பணியாற்றிய பிரிவில் பத்தில் ஒரு தாய் என்ற அளவில் காய்ச்சலால் இறந்தனர். மருத்துவச்சிகள் பணியாற்றிய பிரிவில் இறப்பு அதில் பாதிகூட இல்லை. பிண அறையில் உடல்களை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்த்ததே காரணம் என்று செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டறிந்தார். 1847இல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்ததும் இறப்பு வேகமாகக் குறைந்தது.

இலங்கை காட்டிய வழி

வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பிரசவம் மாறிய காலத்தில் பயிற்சி பெற்ற மருத்துவச்சியையே பாலமாகக் கொண்ட நாடு இலங்கை. சுகாதாரப் பிரிவுகள் 1926இல் களுத்துறையில் தொடங்கிப் பிற பகுதிகளுக்கும் விரிந்தன. அரசு சம்பளம் பெற்ற மருத்துவ மாதர் தத்தம் பகுதியில் வீடு வீடாகச் சென்று கருவுற்றோரைப் பதிவு செய்தனர். வீட்டில் பிரசவம் பார்த்தனர். சிக்கல் தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்பினர். நம்பிக்கைக்குரிய ஒருத்தி சொன்னதால் பெண்களும் போனார்கள். 1950ஆம் ஆண்டளவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 500 முதல் 600 வரை இருந்த தாய் இறப்பு, 1990களில் 30 அளவுக்கு இறங்கியது. செல்வ நாடாக இல்லாமலே இலங்கை இதைச் சாதித்தது.

தமிழ்நாட்டில் ஏற்பட்ட மாற்றம்

இந்தியாவில் பரம்பரை மருத்துவச்சிகளுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, தூய பிளேடு, நூல், சோப்பு அடங்கிய பெட்டி வழங்கும் திட்டம் 1970களில் நாடெங்கும் நடந்தது. தூய கை, தூய இடம், தூய பிளேடு, தூய நூல், தூய கொடி ஆகிய ஐந்து தூய்மைகள் அப்போது கற்பிக்கப்பட்டன. தாய்க்குப் போடும் இசிவுத் தடுப்பூசியோடு சேர்ந்து இவை குழந்தை இறப்பைக் குறைத்தன. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் இசிவு நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015இல் உறுதி செய்யப்பட்டது. ஆனால் இரத்தப்போக்கையும் தடைப்பட்ட பிரசவத்தையும் அந்தப் பெட்டியால் தடுக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் கருவுற்றோரைத் தேடிச் சென்று பதிவு செய்தனர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் பணியில் இருக்க ஏற்பாடானது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவியும், 2008இல் தொடங்கிய 108 அவசர ஊர்தியும் ஏழைப் பெண்களுக்கு மருத்துவமனையை எட்டும் தூரத்தில் கொண்டுவந்தன. 2018–20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர். தமிழ்நாட்டில் அது 54.

கைவிட்டுப் போனவை

வீட்டில் நான்கு பெண்கள் சூழ்ந்திருக்க நடந்த பிரசவம், மருத்துவமனையில் பல இடங்களில் தனிமையில் நடப்பதாக ஆனது. நடப்பதும் குந்துவதும் போய், மேசையில் மல்லாந்து படுப்பதே முறையாயிற்று. கூட்டம் மிகுந்த பிரசவ அறைகளில் கடுஞ்சொல் கேட்ட பெண்கள் ஏராளம். பொறுத்திருக்க நேரமில்லாத இடங்களில் ஊசி போட்டு வலியைக் கூட்டுவதும் வழக்கமானது.

அறுவை சிகிச்சைப் பிரசவங்களின் எண்ணிக்கை இன்னொரு கவலை. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சை மூலம் நடக்கின்றன. இந்திய அளவில் இது 21.5 விழுக்காடு. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 60 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தேவையான இடத்தில் இச்சிகிச்சை தாயையும் சேயையும் காக்கிறது. தேவையற்ற இடத்தில் கூடுதல் இரத்த இழப்பு, தொற்று, அடுத்த கருவில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஆகியவற்றைக் கொண்டுவருகிறது. ‘இயற்கைப் பிரசவம்’ வேண்டும் என்று சிலர் மருத்துவமனையை விட்டே விலக நினைப்பதற்கு இந்த அனுபவங்கள் ஒரு காரணம்.

2018ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள்

2018ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்றவர்களுள் கர்நாடகத்தின் பாவகடா வட்டத்தைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மாவும் ஒருவர். ‘சூலகித்தி’ என்பது மருத்துவச்சியைக் குறிக்கும் கன்னடச் சொல். பள்ளி செல்லாத அவர், பாட்டியிடம் தொழில் கற்று, மருத்துவ வசதியற்ற ஊர்களில் எழுபது ஆண்டுகளாகக் காசு வாங்காமல் 15,000க்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர். அவ்வாண்டு டிசம்பரில் காலமானார்.

அதே 2018 ஜூலையில் திருப்பூரில், மருத்துவமனைகள் எட்டும் தூரத்தில் இருந்தும், யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெற முயன்ற இளம்பெண் ஒருவர் மிகுந்த இரத்தப்போக்கால் இறந்தார். குழந்தை பிழைத்தது. அடுத்த மாதம் கோவையில் வீட்டுப் பிரசவப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கைது செய்யப்பட்டார்.

இரண்டும் வீட்டுப் பிரசவம் என்ற ஒரே பெயரில் பேசப்பட்டாலும் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு உண்டு. நரசம்மாவின் கைகளில் ஆயிரக்கணக்கான பிரசவங்களின் பழக்கம் இருந்தது. திருப்பூரில் பயிற்சி பெற்ற கை எதுவும் அருகில் இல்லை. தமிழகத்து வழக்கப்படி பார்த்தாலும், மருத்துவச்சி இல்லாமல் வீட்டில் பிள்ளை பெறுவது மரபு அன்று. மரபு அஞ்சிய ஒன்று.

பிற நாடுகளில்

நெதர்லாந்தில் 1960களில் பெரும்பான்மைக் குழந்தைகள் வீட்டில் பிறந்தன. இப்போது அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கிலாந்தில் சிக்கலற்ற சுமார் 64,000 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, இரண்டாவது அல்லது அதற்கடுத்த பிரசவத்தில் வீட்டிலும் மருத்துவமனையிலும் குழந்தைக்கான ஆபத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் கண்டது. ஆனால் தலைப்பிரசவத்தில், குழந்தைக்கு ஏற்பட்ட கடும் பாதிப்புகள் மருத்துவமனையில் ஆயிரத்துக்கு 5.3 ஆகவும், வீட்டில் 9.3 ஆகவும் இருந்தன. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 விழுக்காட்டுப் பெண்கள் இடையிலேயே மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர்.

இந்நாடுகளில் வீட்டுப் பிரசவம் என்பது, பல ஆண்டு படித்துப் பதிவு பெற்ற மருத்துவச்சி மருந்துகளோடும் கருவிகளோடும் வீட்டுக்கு வருவது. சிக்கல் உள்ளவர்களை முன்பே விலக்குவது. மருத்துவமனையோடு தொடர்பில் இருப்பது. இந்த ஏற்பாடு இல்லாத இடத்துக்கு அந்த எண்களைப் பொருத்திப் பேசுவது தவறு.

இன்றைய நிலை

2018 டிசம்பரில் இந்திய அரசு மருத்துவச்சிப் பணிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செவிலியர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி அளித்து, மருத்துவமனைகளுக்குள் இயல்பான பிரசவங்களைப் பார்க்கும் பொறுப்பை அவர்களிடம் தருவதே இதன் நோக்கம். பிரசவ அறையில் பெண் விரும்பும் துணை ஒருவர் இருக்கலாம், நடக்கலாம், விரும்பிய நிலையில் முக்கலாம், காரணமின்றி வலியைக் கூட்டக்கூடாது என்பன உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட பரிந்துரைகள். பழைய மருத்துவச்சியின் நல்ல வழக்கங்கள் பலவற்றை இவற்றில் காணலாம். இரத்தமும் அறுவை அரங்கும் உள்ள இடத்தில் மருத்துவச்சியின் பொறுமையும் உடனிருப்பும் கிடைப்பதே பெண்களுக்கு வேண்டுவது.

வீட்டில் பிறந்த குழந்தையாயினும் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி.

வழியில் பிரசவம் நேர்ந்தால்

எதிர்பாராமல் வீட்டிலோ பயணத்திலோ குழந்தை பிறக்க நேர்ந்தால் அருகிலிருப்போர் அறிய வேண்டியவை:

1. உடனே 108க்கு அழைத்து, அவர்கள் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு நடக்கவும்.
2. சோப்பால் கை கழுவவும். தூய துணியை விரிக்கவும்.
3. வயிற்றை அழுத்தவோ குழந்தையை இழுக்கவோ கூடாது.
4. பிறந்த குழந்தையைத் துடைத்து உலர்த்தி, தாயின் மார்பில் தோலோடு தோல் பட வைத்துப் போர்த்தவும்.
5. தொப்புள்கொடியைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஊர்தி வரும்வரை வெட்டாமல் விடலாம்.
6. குழந்தையைத் தாய்ப்பால் குடிக்க விடவும். இதனால் கருப்பை சுருங்கவும் உதவி கிடைக்கும்.
7. துணிகள் நனைந்துகொண்டே இருந்தாலோ, தாய் மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, நஞ்சுக்கொடி அரை மணி நேரத்தில் வராவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

பிரசவம் நலமாக முடிந்துவிட்டது போலத் தோன்றினாலும் தாயையும் சேயையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பேறுகால இறப்புகளில் கணிசமானவை பிள்ளை பிறந்த முதல் நாளிலேயே நிகழ்கின்றன.